நான்கு மூலை மஞ்சள்

பொன்னியம்மாள் அதை நல்ல மனசோடுதான் செய்தாள். அதனாலேயே ஷாரோனால் அவளை வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை.

காலை எட்டு மணி. அச்சகத்தின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. ஷாரோன் குனிந்து உள்ளே நுழைந்தபோது பொன்னியம்மாள் பேக்கிங் மேசை முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். ஆள்காட்டி விரலால் தொட்டு, ஒரு தாளின் கீழ்மூலையில் வைத்து, விரலை லேசாகத் திருகி எடுத்தாள். அதுதான் கடைசித் தாளின் கடைசி மூலை. மேசை முழுக்க, பக்கத்துப் பெஞ்சு முழுக்க, தரையில் விரித்த பழைய போஸ்டர்களின் மேலெல்லாம் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“வாம்மா ஷாரோனு. யாரு வூட்டுக் கல்யாணம் இது? அட்டை எம்மாங் கனம்! வெரலு வெச்சா மெத்துமெத்துனு போவுது. மஞ்சாவ அப்படியே குடிக்குது. பெரிய எடமா?”

ஷாரோனின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது. உள்ளே டிபன் டப்பா திறந்துகொண்டு குழம்பு ஒழுகியது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

இருபத்தைந்து தாள். தாளுக்கு நான்கு மூலை. ஒன்றைக்கூட பொன்னியம்மாள் விட்டுவைக்கவில்லை. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, ஈரம் பளபளக்க, ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள்.

“இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கிற?”

“இன்னா பண்ணிட்டேன்? மங்கள ரேக்குல கெடந்துது. மஞ்சா வெக்கல. மொதலாளி வந்தா என்னத்தான கேப்பாரு?”

அவள் சொன்னதில் தப்பில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் பத்துப் பதினைந்து அச்சகங்கள் இருக்கின்றன. பஞ்சாட்சரம் கடைக்கு மட்டும் ஏன் முகூர்த்த மாதங்களில் கியூ நிற்கிறதென்றால், அவர் பத்திரிகையை அடித்து மட்டும் கொடுப்பதில்லை. நான்கு மூலைக்கும் மஞ்சள் வைத்து, காயவைத்து, அடுக்கி, அப்படியே கொண்டுபோய் விநியோகம் செய்கிற மாதிரி கொடுத்துவிடுவார். ஆயிரம் பத்திரிகைக்கு வீட்டில் உட்கார்ந்து மஞ்சள் வைக்க இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த வேலைக்கென்றே பொன்னியம்மாள். இருபது வருஷமாக அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நகம் வெள்ளையாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

கடையில் இரண்டு ரேக். இடது கைப்பக்கம் மங்கள ரேக். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். வலது பக்கம் சாதா ரேக். பில் புக், விசிட்டிங் கார்டு, கருமாதிப் பத்திரிகை. சாதா ரேக்கில் இருப்பதைப் பொன்னியம்மாள் தொடமாட்டாள். மங்கள ரேக்கில் இருப்பதைக் கேள்வி கேட்காமல் தொடுவாள். இது கடையில் எல்லாருக்கும் தெரியும். ஷாரோனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பதினேழு வருஷமாக இங்கே ஸ்கிரீன் மேசையில் நின்று ரப்பர் கட்டையால் மையை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கிப்போனவள் அவள்.

தெரிந்தும் நேற்று சாயங்காலம் இந்தத் தாள்களை மங்கள ரேக்கில் வைத்தவளும் அவள்தான்.

காலையில் சென்னைக் கேலரிக்காரன் தினேஷ் வந்து எடுத்துக்கொண்டு போவான் என்று முதலாளியின் கண்ணாடி அலமாரியிலிருந்து தாள்களை எடுத்து, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றினாள். சாதா ரேக்குக்குத்தான் கொண்டுபோனாள். அங்கே ஐந்நூறு கருமாதிப் பத்திரிகை, கறுப்புக் கரை போட்டு, மேலே செத்தவர் போட்டோவோடு அடுக்கியிருந்தது. கையில் இருந்த கட்டு அவளுடைய தாய்மாமா கையெழுத்துப் போட்டது. மாமா பெரியாஸ்பத்திரியில் வாய் கோணிப் படுத்துக் கிடக்கிறார். அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் இதை எப்படி வைப்பது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறவள்தான். சகுனம் பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் கை போகவில்லை. திரும்பி நடந்து, ஜோடி யானை போட்ட ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

“இது கல்யாணப் பத்திரிகை இல்லக்கா,” என்றாள் ஷாரோன். “இது மாமா வரைஞ்ச படம். வீரபத்திரன் மாமா.”

பொன்னியம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “பட்டாம்பூச்சி போட்டிருந்துது. இப்பல்லாம் யானை போடறான், மயிலு போடறான், மாப்பிள பொண்ணு கார்ட்டூன்கூடப் போடறான். கீழ பென்சில்ல இங்கிலீசு எழுதியிருந்துது, பொண்ணு பேரு போலன்னு...” அவள் மஞ்சள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “அந்த ஆஸ்பத்திரில கெடக்கிறாரே, அவரா?”

அவரேதான்.

வீரபத்திரன் ஷாரோனின் அம்மாவுடைய தம்பி. ஓரிக்கைக்காரர். அப்பனும் ஆத்தாளும் பாலாற்றில் மணல் அள்ளிக் கூடையில் சுமந்து லாரிக்கு ஏற்றியவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பையன் எப்படியோ மெட்ராஸ் போய் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தாறு வயதுக்குள் நான்கைந்து கண்காட்சி, இரண்டு பரிசு, ஒரு பழைய பைக். படம் விற்ற காசு ஒரு மாதம் வரும், ஆறு மாதம் வராது.

அவர் வரைந்ததெல்லாம் பட்டாம்பூச்சி. ஆனால் பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சி ஒன்றுகூட இல்லை. இந்தத் தாளில் ஆற்று மணலில் ஒரு மண்வெட்டி குத்தி நிற்கிறது. அதன் காம்பில் ஒரு காக்கிச் சட்டை தொங்குகிறது. சட்டையின் முதுகிலும் கக்கத்திலும் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அந்த வெள்ளையின் மேல்தான் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கின்றன. மஞ்சளும் நீலமும் கறுப்புமாக, சட்டை தெரியாத அளவுக்கு. வீரபத்திரன் சின்ன வயதில் தினமும் பார்த்தது அதுதான். வேலை முடித்து அப்பன் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டால் அதிலிருக்கும் உப்பை உறிஞ்சப் பட்டாம்பூச்சிகள் வரும். மூத்திரம் பெய்த ஈர மணலுக்கும் வரும்.

தினேஷ் சென்னையில் படங்கள் விற்கும் கேலரியில் இருப்பவன். முதல் கண்காட்சிக்குப் புத்தகம் போட்டபோது, பட்டாம்பூச்சி என்பது ஆன்மாவின் குறியீடு, கூட்டை உடைத்து வெளியேறும் விடுதலை என்று எழுதிக் கொண்டுவந்தான். வீரபத்திரன் அதை வாங்கிப் பார்த்து, “ஆன்மாவும் கெடையாது, ஆயாவும் கெடையாது. உப்பு நக்க வந்த பூச்சிடா அது,” என்று சொல்லி, பக்கத்தையே கிழித்தார். இன்னொரு முறை ஒரு பணக்கார அம்மாள் வந்து, வடகிழக்கு மூலையில் பட்டாம்பூச்சி மாட்டினால் வீட்டுக்கு மங்களம் என்று ஜோசியர் சொன்னதாகச் சொன்னார். வீரபத்திரன் விற்க மறுத்துவிட்டார். அந்த மாதம் அவர் ஷாரோன் வீட்டில்தான் சாப்பிட்டார்.

இந்தப் படத்தை அச்சாகப் போடலாம் என்றதும், “சென்னையில எதுக்கு மாமா? நான் அடிச்சுத் தரேன்,” என்று முன்னால் வந்தவள் ஷாரோன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும்போது மேசையைக் கேட்டு வாங்கி, ஆறு வண்ணத்துக்கு ஆறு ஃபிரேமில் வலைத்துணி இழுத்துக் கட்டி, மூன்று மாதம் பிடித்தது. பருத்தியில் செய்த கெட்டித்தாள். ஓரம் வெட்டாமல் பிசிறு பிசிறாக இருக்கும், அதுதான் அழகு என்றார் மாமா.

அச்சுக்கு விலை எப்படி வருகிறது என்பதை அப்போதுதான் ஷாரோன் தெரிந்துகொண்டாள். கல்யாணப் பத்திரிகையில் ஐந்நூறு கேட்டால் ஐந்நூற்றிருபது போட்டுக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். இதில் நேர்மாறு. இருபத்தைந்து என்றால் இருபத்தைந்துதான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எத்தனையாவது என்று எண், பக்கத்தில் கையெழுத்து. இனி ஒன்றுகூட அடிக்க முடியாது என்று வாங்குகிறவர்களுக்கு உறுதி வேண்டும். அதற்காகக் கடைசித் தாள் காய்ந்ததும் தினேஷ் முன்னால் நின்று போனில் படம் பிடிக்க, ஷாரோன் தன் கையாலேயே பேப்பர் கத்தியை எடுத்து ஆறு ஃபிரேமையும் குறுக்கே கிழித்தாள். “இதான்க்கா வேல்யூ,” என்றான் தினேஷ். “இனிமே ஒரு தாளு ஒரு முகூர்த்தப் பொடவை விலை. பத்து வருஷம் வெச்சிருந்தா கார் விலை. ஆனா ஒரு கீறல், ஒரு கறை இருக்கக் கூடாது.”

கையெழுத்துப் போட்டு முடித்த நாலாம் நாள் வீரபத்திரன் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் போயிற்று.

“மொத மூணு மாசந்தாம்மா முக்கியம்,” என்றார் டாக்டர். “தெனம் பயிற்சி குடுத்தா கை வரலாம், பேச்சு வரலாம். அதுக்கப்புறம் எவ்ளோ செஞ்சாலும் பெருசா வராது.” அந்தப் பயிற்சி கொடுக்கிற இடம் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டும் புருஷன் ஜோசுவாவின் வருமானத்திலும் ஷாரோனின் கூலியிலும் அந்த இடத்துக் கதவைக்கூடத் தட்ட முடியாது. தினேஷ்தான் சொன்னான்: தாள்கள் சுத்தமாகக் கைக்கு வந்த அன்றே கேலரி அவரை அங்கே சேர்த்துவிடும். கண்காட்சி தள்ளிப் போனதில் ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இன்றைக்குப் பதினொரு மணிக்கு அவன் வருகிறான்.

இப்போது எட்டேகால்.

“சோப்பு போட்டுத் தொடச்சா போயிடும்மா,” என்ற பொன்னியம்மாள், ஷாரோன் தடுப்பதற்குள் ஈரத்துணியில் சோப்பைத் தேய்த்து ஒரு தாளின் மூலையில் வைத்துவிட்டாள். மஞ்சள் குங்குமமாகச் சிவந்தது.

“ஐயோ, வுடுக்கா!” ஷாரோன் அவள் கையைத் தட்டிவிட்டாள். ஏழாம் நம்பர் தாள். மூலையில் ரத்தம் கசிந்தது போல ஒரு வட்டம். “மஞ்சாள்ல சோப்பு பட்டா செவக்கும்னு தெரியாதா உனக்கு? பொம்பளதான நீ?”

பொன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அழுவதற்கு நேரமில்லாதவள் ஷாரோன்தான். மாடிக்கு ஓடினாள். மொட்டை மாடி வெயில் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. துணியில் மஞ்சள் கறை பட்டால் வெயிலில் போட்டால் போகும். துணிக்குப் போவது தாளுக்கும் போகாதா?

இரண்டு பேருமாகத் தாள்களை மாடிக்குக் கொண்டுபோனார்கள். படத்தின் மேல் வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும். கீழேயிருந்து பழைய காலண்டர் அட்டைகளை அள்ளிவந்து, மூலை மட்டும் வெளியே தெரிய, ஒவ்வொரு படத்தையும் மூடி, காற்றுக்கு எழும்பாமல் ஓரத்தில் மை டப்பாக்களை வைத்தாள் ஷாரோன். வெறுங்காலோடு சுடு தரையில் முட்டி போட்டு, காய்ந்த மஞ்சள் பொருக்கைக் கோழி இறகால் தட்டித் தட்டி விட்டாள். பொருக்கு போனது. கறை போகவில்லை. பருத்தித்தாள் உள்ளே வரைக்கும் குடித்திருந்தது. ஈரம் பட்ட மூலைகள் அப்பளம் போல வளைந்தன.

“கர்த்தரே,” என்றாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

ஒன்பதரைக்குப் பஞ்சாட்சரம் மாடியேறி வந்தார். நெற்றியில் விபூதி, கையில் சாவிக்கொத்து. நிலவரத்தைக் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்கா இந்தக் கூத்து? கட்டிங் மிஷின்ல வெச்சு நாலு பக்கமும் ஒரு அங்குலம் எறக்கிடு. ரெண்டு நிமிசம்.”

“நம்பரும் கையெழுத்தும் கீழ ஓரத்துலதான் மொதலாளி இருக்குது. ஓரத்துப் பிசிறு போனா அவங்க எடுக்க மாட்டாங்க. தாளு அளவுகூட படத்தோட குடுக்கற சர்டிபிகேட்ல எழுதியிருக்குது.”

“அப்ப மறுபடி அடி.”

“ஃபிரேமைத்தான் கிழிச்சாச்சே.”

“யாரு கிழிக்கச் சொன்னது?”

“அவங்கதான். கிழிச்சாத்தான் வெலையாம்.”

பஞ்சாட்சரம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லா இருக்குது உங்க வியாபாரம். நான் முப்பது வருசமா ஃபிரேமைக் காப்பாத்தித்தான் சோறு துன்றேன்.” பிறகு குரலை இறக்கினார். “மஞ்சா பட்டுதுன்னு அழுவாதம்மா. நல்லதுக்குன்னு நெனச்சுக்க. என் கடையிலேருந்து மஞ்சா இல்லாம போறது கருமாதிப் பத்திரிகை ஒண்ணுதான்.”

ஷாரோன் இறகை எடுத்து, முன்னைவிட வேகமாக அடுத்த மூலையைத் தட்டினாள்.

பத்து மணிக்கே தினேஷ் வந்துவிட்டான். கீழே கார் சத்தம் கேட்டதும் ஷாரோன் எழுந்தாள். தாள்களைப் பொறுக்கி மறைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவன் கையில் வெள்ளைக் கையுறையோடு, சிரித்தபடி படியேறி வந்தான். மாடியில் காலண்டர் சாமிகளின் நடுவே நூறு மஞ்சள் பொட்டுகளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

“என்னக்கா இது?”

சொன்னாள். ரேக்கைச் சொன்னாள், கருமாதிப் பத்திரிகையைச் சொன்னாள், எதையும் ஒளிக்கவில்லை. சொல்லும்போதே இது வெளி ஆளுக்குப் புரியாது என்று தெரிந்தது. அவன் ஒவ்வொரு தாளாகக் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். இருபத்தைந்தையும் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

“முடிஞ்சுதுக்கா. இது டேமேஜ். ஃபுல் எடிஷனும் டேமேஜ். அஞ்சு பேரு ஏற்கெனவே புக் பண்ணிட்டாங்க. நான் என்னன்னு சொல்வேன்?”

“மாமாவ சேத்துட்டு அப்புறமா எதுனா பண்ணக் கூடாதா சார்? நான் உங்களுக்கு எத்தன படம் வேணும்னாலும் சும்மா அடிச்சுத் தரேன். ஒரு வருசம் அடிக்கிறேன்.”

“நான் மொதலாளி இல்லக்கா. எனக்கு மேல ஆள் இருக்காங்க.”

ஷாரோன் அவன் காலருகே உட்கார்ந்துவிட்டாள். கும்பிடவில்லை. கும்பிட்டிருந்தால்கூட அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். “ரெண்டு மாசந்தான் சார் இருக்குது. அப்புறம் அந்தக் கை கட்டைதான்.”

பொன்னியம்மாள் படிக்கட்டின் தலைப்பில் நின்று, “ஐயா, நான் வெச்சதுதான்யா. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல,” என்றாள். “என் வெரல வேணா ஒடச்சுடு.”

தினேஷ் அவளுடைய விரலைப் பார்த்தான். பிறகு ஒரு தாளைப் பார்த்தான். வெயில் பட்டு மஞ்சள் கொஞ்சம் மங்கி, ஏதோ பழைய நாளில் வைத்தது போல ஆகியிருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். இதை வீரபத்திரன் சாரே வெச்சிருந்தா?”

“அவரு வெக்கல.”

“வெச்சிருந்தான்னு சொல்றேன். விழறதுக்கு முன்னாடி, கையெழுத்துப் போட்ட அன்னிக்கே, அவர் கையால. அவர் வெச்சா அது வேலை. வேற ஆள் வெச்சா அது கறை. அவ்ளோதான் வித்தியாசம். ஒவ்வொரு தாள்லயும் ஆர்ட்டிஸ்ட் கைப்பட்டதுன்னா வெலை இன்னும் ஏறும்.”

“ஏழாம் நம்பர் செவந்து கெடக்குதே?”

“அதுவும் அவர்தான்.” அவன் எழுந்தான். “ஆனா நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அவர் சொல்லணும். வீடியோல. ஆமான்னு ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும்.”

“தல ஆட்ட வராது சார். ஒரு பக்கமா திரும்பும், அவ்ளோதான். பதிலுன்னா கண்ணுதான்.”

“கண்ணாலயே சொல்லட்டும்.”

காரில் போகும்போது ஷாரோன் முதல் நம்பர் தாளை மடியில் படுக்கையாக வைத்துக்கொண்டிருந்தாள். தினேஷ் ஓட்டிக்கொண்டே யாரிடமோ போனில், கொஞ்சம் லேட்டாகும், ஒரு நல்ல சர்ப்ரைஸ் இருக்கிறது என்று சொன்னான். போனை வைத்ததும் அவள் கேட்டாள்: “இன்னான்னு எழுதுவீங்க, மஞ்சளப் பத்தி?”

“மங்களம், ஆன்மா, மறுபிறப்பு. பட்டாம்பூச்சிக்கும் மஞ்சளுக்கும் சூப்பரா செட் ஆவும்.”

ஷாரோன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். மாமா கிழித்த பக்கம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. தினேஷுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டில். வீரபத்திரன் தலையணையில் சாய்ந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் இறங்கி எச்சில் கோடாக வழிந்தது. ஷாரோன் துண்டால் துடைத்தாள். வலது கை ஒரு பொருள் போல மடியில் வைக்கப்பட்டிருந்தது. அவருக்கும் அவளுக்கும் ஒரு மாதமாக ஒரு பாஷை இருந்தது. நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தது. இரண்டு முறை கண் சிமிட்டினால் ஆமாம். ஒரு முறை மூடித் திறந்தால் இல்லை.

“ராத்திரி தூங்குனியா மாமா?”

ஒரு முறை மூடித் திறந்தார்.

தினேஷ் ஜன்னல் பக்கம் நின்று வெளிச்சத்துக்காகத் திரைச்சீலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் திரும்புவதற்குள் ஷாரோன் குனிந்து மாமாவின் காதருகே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் எப்படி வந்தது, அவன் என்ன கேட்கிறான், ஆமாம் என்றால் என்ன கிடைக்கும், இல்லை என்றால் என்ன போகும். மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத் தாளை அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

படத்தைப் பார்த்ததும் அவருடைய நல்ல பக்கத்து உதடு அசைந்தது. சட்டையின் வெள்ளையில் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூலைக்குப் போனது. இடது கையைத் தூக்கினார். கட்டை விரலை மஞ்சளின் மேல் வைத்துத் தேய்த்தார். போகவில்லை. எச்சிலில் விரலைத் தொட்டு மறுபடி தேய்த்தார். போகவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஷாரோனைப் பார்த்தார்.

“ஆமான்னு சொல்லு மாமா. உன் காலுல வுழறேன். கை வந்துட்டா நீ வேற வரைஞ்சுக்கலாம். இது போனாப் போவுது.”

ஒரு முறை மூடித் திறந்தார்.

“மாமா, யாருக்காகச் சொல்றேன்?”

மறுபடி ஒரு முறை. மெதுவாக, அழுத்தமாக.

“என்ன சொல்றார்?” தினேஷ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். “ரெடியாக்கா? அவர் எப்படிப் பேசுவார்னு மொதல்ல நீங்க கேமராவுக்குச் சொல்லிடுங்க. அப்பதான் பாக்கறவங்களுக்குப் புரியும்.”

போனின் சின்ன விளக்கு எரிந்தது. ஷாரோன் நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எதிரே கட்டிலில் மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குப் போனது பேச்சுதான். காது இல்லை.

“இவருக்குப் பேச்சு வராது,” என்றாள். “கண்ணாலதான் பதில் சொல்வாரு. ரெண்டு தடவ சிமிட்டுனா இல்லன்னு அர்த்தம். ஒரு தடவ மூடுனா ஆமாம்.”

வீரபத்திரனின் கண் விரிந்தது.

“சார், வணக்கம்,” என்றான் தினேஷ், கேமராவுக்கான குரலில். “இந்த மூலைங்கள்ல இருக்கற மஞ்சள், நீங்களே உங்க கையால வெச்சதுதானே?”

வீரபத்திரன் கண்ணை மூடவில்லை. ஒரு முறையும் இல்லை, இரண்டு முறையும் இல்லை. இரண்டு முறை சிமிட்டினால் அவர்கள் பாஷையில் ஆமாம், ஒரு முறை மூடினால் கேமராவுக்கு ஆமாம். ஷாரோனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். யாரோ வார்டின் அந்தக் கோடியில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்கள். அவருடைய இமைகள் விறைத்து நின்றன. கண்ணின் வெள்ளையில் சிவப்பு நரம்புகள் எழும்பின. நீர் கட்டி, தளும்பி, இரண்டு பக்கமும் வழிந்தது. அப்போதும் மூடவில்லை. ஷாரோன் தாளைப் பிடித்தபடி நின்றாள். கண்ணைத் திருப்பிக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

எவ்வளவு நேரம் மனுஷன் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியும்?

இமை விழுந்தது. ஒரே ஒரு முறை.

“சூப்பர் சார். தேங்க்யூ சார். ரொம்ப எமோஷனலா இருக்கு,” என்றான் தினேஷ். விளக்கு அணைந்தது. வீடியோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

ஷாரோன் தாளைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, துண்டை எடுத்து மாமாவின் கன்னத்தைத் துடைக்கப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது இடது பக்கம் மட்டும்தான். அங்கே சுவர் இருந்தது.

“எப்ப சார் வண்டி வரும்?” என்று கேட்டாள் ஷாரோன்.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அனுப்பிடறேன்.”

“அஞ்சு மணிக்கே அனுப்புங்க,” என்றாள். “வெயில் ஏறாம இருக்கும்.”